திரும்பி வருகையில் நிற்கும் வண்டி

“பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும், மலை! யார் உக்காந்தாலும் ஓடுற வண்டி, நீ உக்காந்தா மட்டும் நிக்குதா? உன்னைப் பார்த்தா அதுக்கு வெக்கமா?”

“நான் எதுக்கு சார் பொய் சொல்லப் போறேன்? நேத்து மட்டும் நாலு தடவை நின்னுச்சு. மைதானமே பாதி சிரைச்ச தலை மாதிரி கிடக்கு. பார்க்கிறவங்க என்னைப் பார்த்துத்தானே சிரிக்கிறாங்க?”

“நின்னுச்சுன்னு சொல்லாதே. நிறுத்தினேன்னு சொல்லு.”

“சாவியைத் தொட்டிருந்தா என் கை விளங்காமப் போகட்டும்!”

“கை எப்படியோ போகட்டும். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கூட்டம். முடிவு பண்ணிட்டா வண்டிச் சாவியும் அறைச் சாவியும் சேர்ந்து என் மேசைக்கு வந்துடணும்.”

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கத்தினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். ரகசியம் பேசினால் இரண்டு தெருவுக்குக் கேட்கும். ஆகவே, மைதானத்தின் ஓரத்திலிருந்த வண்டிக் கொட்டகையில் காலை பத்து மணிக்கு நடந்த இந்தச் சண்டை, எதிர் வரிசையில் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த கத்திரியின் காதில் வந்து விழுந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. பாதி தைத்த சட்டைக் கையை ஊசியோடு விட்டுவிட்டு எழுந்தாள். திரும்பிப் பார்த்தால் அண்ணி ஏற்கெனவே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

கத்திரி என்பது தொழிலால் வந்த பேரா, நாக்கால் வந்த பேரா என்று அந்தக் குடியிருப்பில் இன்னும் முடிவாகவில்லை. அவளுடைய அண்ணிக்கு மீட்டரம்மா என்று பேர். முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் படித்தவள். யார் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனி அறையில் விசிறி போட்டுக்கொண்டு படுக்கிறார்கள் என்பது வரைக்கும் எண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்றபின் படிக்க மீட்டர் இல்லாமல் மனுஷரைப் படிக்க ஆரம்பித்தாள். காணாமல்போன தண்ணீர் மோட்டார், மொட்டைக் கடிதம் எழுதிய கை என்று ஏழெட்டு விவகாரம் அவளால் வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. கூடவே போய்ப் பேசக் கூடாததைப் பேசிவிட்டு வருவது நாத்தனார் கத்திரியின் வேலை.

கொட்டகைக்குள் நான்கு பேர் இருந்தார்கள், வண்டியையும் ஆளாகக் கணக்கில் சேர்த்தால்.

சிவப்பு நிறத்தில், சின்ன டிராக்டர் போல, ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி. அதன் வயிற்றுக்குக் கீழே இரண்டு பிளேடு சுழலும். பக்கத்தில் தாட்டியான மெக்கானிக், கையில் ஸ்பேனரோடும் முகத்தில் கவலையோடும். அந்தப் பக்கம் செயலாளர், நூற்றுப் பத்துக் கிலோ. இந்தப் பக்கம் மலை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் வேலைக்கு வந்த அன்றே அவருக்கு அந்தப் பேர் விழுந்துவிட்டது. கதவுக்குள் நுழைந்தால் அறை இருட்டாகும், அப்படி ஒரு உருவம். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் தூரத்தில் எங்கோ கட்டிக்கொடுத்த இடத்தில். கொட்டகையை ஒட்டிய ஒற்றை அறைதான் அவருக்கு வீடு. வேலை இருந்தால் அறை உண்டு. வேலை போனால் அறையும் போகும்.

“மீட்டரம்மா, நீங்களாவது கேளுங்க,” என்று மலை கோட்டு நுனியைப் பிசைந்தார். “ஒவ்வொரு தடவை வெட்டி முடிச்சதும் அடிப்பாகத்தைச் சுரண்டிக் கழுவறேன். வாராவாரம் ஏர் ஃபில்டரைத் தட்டி எடுக்கறேன். பிளேடைத் தீட்டி வைக்கறேன். இதுக்கு மேல நான் என்னம்மா பண்ணுவேன்?”

“மெக்கானிக் தம்பி என்ன சொல்றீங்க?” என்றாள் மீட்டரம்மா.

“ஒரு மாசத்துல நாலாவது தடவை வந்திருக்கேம்மா. பிளக் மாத்தியாச்சு. பெட்ரோலை வடிச்சுப் புதுசு ஊத்தியாச்சு. பெட்ரோல் மூடியில காத்துப் போற ஓட்டையைக் குத்தி விட்டாச்சு. பெல்ட், பேட்டரி, சீட் ஸ்விட்ச், ஒயர் எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாச்சு. இங்கே நிறுத்தி வச்சு ஓட்டினா ஒரு மணி நேரம் ஓடுது. நான் ஏறி ஒரு சுத்து சுத்தினாலும் ஓடுது. நான் கிளம்பி வீட்டுக்குப் போய்க் கை கழுவறதுக்குள்ள இவர் போன் பண்றாரு, நின்னு போச்சுன்னு.”

“உங்க மேல அவ்வளவு பாசம் வண்டிக்கு,” என்றாள் கத்திரி.

செயலாளர் அவளை முறைத்துவிட்டு வண்டியில் ஏறினார். வண்டி ஒருமுறை முனகியது. பிளேடைப் போட்டு, மைதானத்தை முழுசாக ஒரு சுற்று. மேடு, பள்ளம், வடிகால் ஓரத்துக் குலுங்கல், ஓர் இடத்திலும் இன்ஜின் இருமக்கூட இல்லை. திரும்பி வந்து இறங்கியவர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “பார்த்துக்கோங்க. சாட்சி இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்க்கக் கத்திரிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் செயலாளர் சொல்வதிலும் தப்பு இல்லையே என்றும் தோன்றியது. கண்ணால் பார்த்ததை என்ன செய்வது?

“எங்கெங்கே நிக்குதுன்னு ஞாபகம் இருக்கா, மலை?” என்றாள் மீட்டரம்மா.

“குறிச்சு வச்சிருக்கேம்மா. மெக்கானிக் தம்பிதான் குறிக்கச் சொன்னார்.”

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். தொந்தரவு தாங்காமல் ஆளை அப்போதைக்குக் கழற்றிவிடச் சொன்ன யோசனை அது. தாள் வந்தபின் அவன் அதை ஒரு தடவைகூட விரித்துப் பார்த்ததில்லை.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் மைதானத்தைப் படமாகப் போட்டிருந்தார் மலை. வண்டி நின்ற இடமெல்லாம் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் தேதி, எந்தத் திசையில் போகும்போது நின்றது என்பதற்கு ஓர் அம்புக்குறி. இரண்டு மாதத்தில் முப்பத்தெட்டுக் குறிகள். மீட்டரம்மா அதை வாங்கி, பழைய வழக்கப்படி விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“செவ்வாய், வெள்ளி மட்டும் ஒரு தினுசா இருக்கே. அம்பு எல்லாம் கொட்டகையைப் பார்த்தே இருக்கு. அந்தப் பக்கம் பார்த்து ஒண்ணுகூட இல்லை.”

“ஆமாம்மா. அந்த ரெண்டு நாள்ல போகும்போது ஓடிடுது. திரும்பி வரும்போதுதான் நிக்குது.”

“வீட்டுக்கு வர இஷ்டமில்லை,” என்றாள் கத்திரி. “நம்ம குடியிருப்புல பாதி ஆம்பளைங்களுக்கு இருக்கிற வியாதி.”

மெக்கானிக் மட்டும் சிரித்தான்.

“அந்த ரெண்டு நாள்ல என்ன விசேஷம்?”

“அந்தக் கோடியில புதுசா மரக்கன்னு வச்சிருக்கோமில்லம்மா, அதுவரைக்கும் குழாய் எட்டாது. இருபது லிட்டர் கேன்ல தண்ணி பிடிச்சு, சீட் முதுகுல கட்டிக்கிட்டுப் போவேன். போற வழியில ஒரு வரிசை வெட்டுவேன். தண்ணி ஊத்திட்டு வர்ற வழியில அடுத்த வரிசை.”

மீட்டரம்மா தாளை மடித்து இடுப்பில் செருகினாள். அவள் இடுப்பில் ஒரு காகிதம் போய்விட்டால் விஷயம் ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம்.

வெளியே வந்ததும் கத்திரி காதோடு சொன்னாள். “அண்ணி, எனக்கு என்னமோ அந்த மருமகன் மேலதான் சந்தேகம்.”

சந்தேகம் அவளுக்கு மட்டும் இல்லை. குடியிருப்பு முழுக்க முணுமுணுப்பாக இருந்த சங்கதிதான். செயலாளரின் மருமகன் புல்வெட்டும் ஒப்பந்தத் தொழில் வைத்திருந்தான். மூன்று புது வண்டி, சீருடை போட்ட ஐந்து ஆட்கள். மலை போனால் அடுத்த நாளே மைதானம் அவன் கைக்குப் போகும். கொட்டகைப் பூட்டோ, குழந்தைகூடத் திறந்துவிடும் பூட்டு.

“சந்தேகம் இருந்தா போய்க் கேட்டுட வேண்டியதுதான்,” என்றாள் மீட்டரம்மா.

மருமகனின் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. கண்ணாடிக் கதவு, குளிர்ந்த அறை, சுவரில் புல்தரைப் படங்கள். முன்னறையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் நிறத்தில் ஒரு புது வண்டி. வண்டிக்கு வைத்திருந்த மரியாதையில் கால்பங்குகூட வாடிக்கையாளர் நாற்காலிக்கு இல்லை, அது ஆடியது.

“வாங்கம்மா, வாங்க. மாமா அனுப்பினாரா?”

“இல்லை தம்பி. நீங்க எங்க வண்டியில கை வச்சீங்களான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்,” என்றாள் கத்திரி.

மருமகன் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு, அவர்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக, வாய்விட்டுச் சிரித்தான்.

“அக்கா, கெடுக்கணும்னா ஒரு கைப்பிடி சர்க்கரையைப் பெட்ரோல் டேங்க்ல போட்டா வேலை முடிஞ்சுது. நின்னு நின்னு ஓடுற மாதிரி கெடுக்கறதுக்கு எவ்வளவு சிரமம் தெரியுமா? அவ்வளவு சாமர்த்தியம் எனக்கு இருந்தா நான் ஏன் மாமனாருக்குப் பயந்துக்கிட்டு இருக்கேன்?”

கத்திரிக்கு அவனைப் பிடித்துப் போனது. சந்தேகப்பட்ட ஆளைப் பிடித்துப் போவது அவளுக்குள்ள பெரிய குறை.

“இந்த வண்டி நிக்காதா?” என்று மீட்டரம்மா மஞ்சள் வண்டியைத் தட்டினாள்.

“நான் நிறுத்தினாத்தான் நிக்கும். இல்லேன்னா நான் கீழே விழுந்தா நிக்கும்.” தொழில் பேச்சு வந்ததும் அவனுக்குக் குஷி வந்துவிட்டது. ஷட்டரைத் தூக்கி வண்டியை வாசலுக்குத் தள்ளி, ஏறி உட்கார்ந்து கிளப்பினான். “இப்போ பிளேடு ஓடுது. பாருங்க.” சீட்டிலிருந்து லேசாக எழுந்தான். பட்டென்று இன்ஜின் அடங்கியது. “பாதுகாப்பு! சீட்டுக்கு அடியில ஒரு ஸ்விட்ச் இருக்கு. ஆள் தவறி விழுந்தா பிளேடு காலை எடுத்துடக் கூடாதில்ல? சீட் மேல கனம் இல்லேன்னா வண்டி நின்னுடும். எல்லா வண்டியிலயும் இது உண்டு, உங்க பழைய வண்டியிலயும் உண்டு.”

மீட்டரம்மா அந்த சீட்டை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, “ஏம்மா, நீ ஏறி உக்காரு,” என்றாள்.

“நானா? அண்ணி, எனக்கு சைக்கிளே தகராறு.”

“உக்காருன்னா உக்காரு.”

கத்திரி ஏறினாள். நாற்பத்தைந்து கிலோ, அதில் நாக்கே இரண்டு கிலோ தேறும் என்பது தெருவின் கணிப்பு. மருமகன் பக்கத்தில் நடந்தபடி வண்டியை ஓட்டவைத்தான். சமதரையில் ஒழுங்காகப் போனது. வாசல் சரிவில் ஒரு குலுக்கு. கத்திரி அரை அங்குலம் எழும்பி விழுந்தாள். இன்ஜின் நின்றது.

“ஐயையோ, நான் எதையும் தொடலை!” என்று அவள் கத்தினாள்.

கத்திய பிறகுதான், காலையில் கிட்டத்தட்ட இதே வார்த்தையை வேறொரு வாயில் கேட்டது நினைவுக்கு வந்தது.

“பயப்படாதீங்கக்கா. உங்க வெயிட்டுக்கு அப்படித்தான்.” அவன் சீட்டைத் தூக்கிக் காட்டினான். கீழே கட்டைவிரல் பருமனில் ஒரு சுருள் ஸ்பிரிங், அதைப் பொருத்த வரிசையாக மூன்று பள்ளம். “குண்டு ஆளுக்கு இது. நடுத்தரத்துக்கு இது. ஒல்லிக்கு இது. ஸ்பிரிங் குண்டுப் பள்ளத்துல இருந்து, ஒல்லி ஆள் உக்காந்தா, கொஞ்சம் குலுங்கினாலும் சீட் மேல வந்துடும். ஆளே இல்லைன்னு வண்டி நினைச்சுக்கும்.”

“எங்க வண்டியில எந்தப் பள்ளத்துல இருக்கும்?”

“மலையண்ணன் ஓட்டுற வண்டி. குண்டுப் பள்ளத்துலதான் இருக்கும். அதுகூட அவருக்குப் பத்தாது!”

அவன் சிரித்தான். கத்திரியும் சிரித்தாள். மீட்டரம்மா சிரிக்கவில்லை.

திரும்பி நடக்கும்போது கத்திரி ஓயாமல் பேசினாள். “கடைசில ஒண்ணும் கிடைக்கலை, பார்த்தீங்களா. இவனும் இல்லை. மலையண்ணன் ஏறி உக்காந்து ஆளே இல்லைன்னு வண்டி நினைக்கணும்னா, அது குருட்டு வண்டியாத்தான் இருக்கணும். அந்தத் தண்ணி கேன் சங்கதியும் புரியலை. போகும்போது கேன் ரொம்பியிருக்கு, ஓடுது. வரும்போது காலி, நிக்குது. என்ன, வண்டிக்குத் தாகமா?”

“இருபது லிட்டர் தண்ணி எத்தனை கிலோ?” என்றாள் மீட்டரம்மா.

“இருபது கிலோ.”

“எங்கே கட்டியிருக்கு?”

“சீட்டு முதுகுல...” கத்திரி நின்றுவிட்டாள். “அண்ணி, விளையாடாதீங்க. மலையண்ணன் அவர். மலை.”

“பேர்தான் மலை. நீ அவரைக் கடைசியா எப்போ பார்த்தே?”

“காலையிலதானே பார்த்தோம்!”

“பேரைப் பார்த்தோம். நானும்தான். இந்த வெயில்ல அந்த மனுஷன் ரெண்டு சட்டை போட்டுக்கிட்டு, அதுக்கு மேல ஒரு கோட்டும் மாட்டிக்கிட்டு நின்னாரு. நாலு பேரும் பார்த்தோம். ஏன்னு ஒருத்தரும் கேட்கலை.” மீட்டரம்மா நடையை வேகப்படுத்தினாள். “உன் அளவு நோட்டை எடு.”

தையல் அறையில் பாதிச் சட்டை இன்னும் ஊசியில் மாட்டிக்கொண்டு கிடந்தது. கத்திரி நோட்டை எடுத்தாளே தவிர, விரிப்பதற்கு முன்பே வாதாடத் தொடங்கினாள்.

“மலையண்ணனுக்கு நான் ரெண்டு வருஷமா எதுவும் தைக்கலை அண்ணி. அவர் தம்பிக்குத்தான் பேன்ட் பிடிச்சுக் கொடுத்தேன். அண்ணனோட பழைய பேன்டையெல்லாம் தம்பிக்குக் கொடுக்கறாராம். ஒரு நூல்ல இடுப்பு அளவை முடிச்சுப் போட்டுக் கொண்டுவருவார். நாலு தடவை கொண்டுவந்தார்.”

“படி.”

“முதல் தடவை நாற்பத்திரண்டை நாற்பதாக்கினேன்.” பக்கத்தைத் திருப்பினாள். “அடுத்தது முப்பத்தேழு. அப்புறம் முப்பத்திநாலு. போன மாசம்...” குரல் இறங்கியது. “முப்பத்தொண்ணு.”

“தம்பி இளைச்சுக்கிட்டே வர்றாரா?”

“நான்கூடக் கேலி பண்ணினேன் அண்ணி. உங்க தம்பியை ஒரு நாள் இழுத்துக் கட்டி வைங்க, காத்துல பறந்துடப் போறாருன்னேன். அவரும் சிரிச்சார்.”

“எட்டு வருஷம் முன்னாடி அந்த அறைக்கு மீட்டர் வச்சப்போ விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். பேச்சுவாக்குல கூடப் பிறந்தவங்க உண்டான்னு கேட்டேன். ஒருத்தரும் இல்லைன்னார்.”

கத்திரி நோட்டை மூடினாள். மறுபடி திறந்தாள். அவள் கையெழுத்துத்தான், அவள் போட்ட எண்கள்தான். துப்பு வெளியே எங்கோ கிடக்கிறதென்று ஊரெல்லாம் அலைந்தது போக, அவள் மேசை இழுப்பறையிலேயே, நாலு பக்கத்தில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள்.  

நான்கு மணிக்கு மலையின் கதவைத் தட்டினார்கள். திறந்தவர் கோட்டைக் கழற்றியிருந்தார். அவசரமாக எடுத்துப் போட்டுக்கொள்ளப் பார்த்தார். கை, கோட்டின் கைக்குள் வழி தேடிக்கொண்டு போனது. அறையில் ஒரு கட்டில், ஒரு பெட்டி, ஜன்னலோரம் வரிசையாகத் துடைத்து வைத்த பழைய ஸ்பார்க் பிளக்குகள். பெட்டி பாதி கட்டியிருந்தது.

“வண்டியில ஒரு கோளாறும் இல்லை, மலை,” என்றாள் மீட்டரம்மா. சுற்றி வளைக்காமல் ஸ்பிரிங்கையும் பள்ளத்தையும் சொல்லி முடித்தாள்.

மலை கட்டிலில் உட்கார்ந்தார். கட்டில் சத்தமே போடவில்லை.

“அப்போ, நான் உக்காந்திருக்கும்போது ஆளே இல்லைன்னு நினைச்சுதா அது?” என்றார். “எனக்கு முன்னாடி அதுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“டாக்டரைப் பார்த்தீங்களாண்ணே?” என்றாள் கத்திரி.

“பார்த்தேன் தங்கச்சி. நாலு மாசம் ஆகுது. ரத்தம் எடுத்தாங்க, படம் எடுத்தாங்க. அடுத்த வாரம் வாங்க, வரும்போது துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்கன்னாங்க.”

“போனீங்களா?”

“யாரைக் கூட்டிட்டுப் போறது?”

மலை கோட்டுப் பொத்தானைத் துளையோடு சேர்க்கத் தொடங்கினார்.

“மகளுக்குச் சொன்னா அலறிக்கிட்டு ஓடி வரும். அது இருக்கிற வீட்டுல அப்படி ஓடிவர விடமாட்டாங்க. சங்கத்துக்குச் சொன்னா, உடம்பு சரியில்லாதவன் வண்டி ஓட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, செயலாளரே எழுதினது.” அவர் பொத்தான்களைப் போட்டு முடித்தார். “பொய்யன்னாலும் போகணும், நோயாளின்னாலும் போகணும். எந்தக் கதவு வழியா வெளியே போறதுங்கறது மட்டும்தான் என் கையில இருக்கு. நீங்க கண்டுபிடிச்சதைச் சொல்லிடுங்கம்மா. பொய்யன்கிற பேர் இல்லாமப் போறேன்.”

இத்தனை வருஷத்தில் மீட்டரம்மா கண்டுபிடித்த உண்மை எதுவும் யாருக்கும் உதவாமல் போனதில்லை. இன்றைக்குக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். கத்திரி அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அதில் படிக்க ஒன்றும் இல்லை.

“நாளைக்குக் காலைல எட்டு மணிக்குக் கிளம்பி இருங்க,” என்றாள் கத்திரி, மலையிடம். “துணைக்கு நான் வரேன். அண்ணி, கூட்டத்தை நீங்க பார்த்துக்கோங்க. எனக்கு இன்னைக்குப் பேச்சு வராது.”

ஐந்து மணிக்குச் சங்க அலுவலகத்தில் ஒன்பது பேர். செயலாளர் தீர்மானத்தைத் தட்டச்சு செய்தே கொண்டு வந்திருந்தார். குறிப்பெடுக்கும் பெண் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். மெக்கானிக் கதவோரத்தில் அவளைப் பார்த்தபடி நின்றான், யாருக்கும் தெரியாது என்ற நினைப்பில்.

“கோளாறு கிடைச்சுது,” என்றாள் மீட்டரம்மா. “சீட் ஸ்பிரிங். பழசாப் போச்சு. எட்டு வருஷம் மலையைச் சுமந்திருக்கே, பாவம்.”

எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக் சிரிக்கவில்லை. பழசான ஸ்பிரிங் தளரும், விறைத்து ஆளைத் தூக்காது என்பது அந்த அறையில் அவனுக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவன் மீட்டரம்மாவைப் பார்த்தான். பிறகு மலையைப் பார்த்தான். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, கழுத்து, மணிக்கட்டு, தொங்கும் கோட்டுத் தோள் என்று ஓர் இன்ஜினைப் பார்ப்பதுபோல வரிசையாகப் பார்த்தான். 

“ஆமா சார். ஸ்பிரிங்தான். நான் கவனிக்காம விட்டுட்டேன். அஞ்சு நிமிஷ வேலை.”

“நான் ஓட்டும்போது நிக்கலையே?” என்றார் செயலாளர்.

“நீங்க உக்காந்தா எந்த ஸ்பிரிங் சார் எதிர்த்துப் பேசும்?” என்றான் அவன். கத்திரி சொல்லியிருக்க வேண்டியதை அன்று அவன் சொன்னான். கூட்டம் மறுபடி சிரித்தது. செயலாளர்கூட உதட்டை இழுத்தார்.

எல்லோருமாகக் கொட்டகைக்குப் போனார்கள். மெக்கானிக் சீட்டைத் தூக்கி, ஸ்பிரிங்கை முதல் பள்ளத்திலிருந்து கழற்றினான். நடுப் பள்ளத்துக்குக் கொண்டுபோனவன் ஒரு நொடி தயங்கி, கடைசிப் பள்ளத்தில் மாட்டினான். பக்கத்தில் நின்ற கத்திரிக்கு மட்டும் கேட்கும்படி, “இதுக்கு அப்புறம் பள்ளம் இல்லைக்கா,” என்றான்.

மலை ஏறினார். பிளேடு சுழன்றது. மேட்டில் ஏறி, வடிகால் ஓரம் குலுங்கி, கன்றுகளைச் சுற்றிக்கொண்டு, கேன் இல்லாமல் திரும்பி வந்தார். ஓர் இடத்திலும் நிற்கவில்லை. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். செயலாளர் தீர்மானத்தைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, “முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?” என்று மெக்கானிக்கைக் கடிந்துகொண்டார். தான் கத்தியதைப் பற்றி அவர் பேசவில்லை. அந்த வழக்கம் அவருக்கு இல்லை.

கத்திரியால் கையைத் தட்ட முடியவில்லை. இரண்டு கையும் இருந்தன, சேரவில்லை.

மறுநாள் மருத்துவமனையில் நர்ஸ், “நீங்க அவருக்கு என்ன வேணும்?” என்று கேட்டபோது, கூடப் பிறந்தவள் என்று எழுதச் சொன்னாள் கத்திரி. டாக்டர் பத்து நிமிஷம் பேசினார். அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் கேட்டது ஒரே கேள்வி. அதற்கு அவர் சொன்ன பதிலை அவள் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. எவ்வளவோ பேர் எப்படியெல்லாமோ கேட்டுப் பார்த்துவிட்டார்கள்.

மலை இன்னும் ஏழு வாரம் அந்த வண்டியை ஓட்டினார். எட்டாவது வாரம் அவரே மகளுக்குப் போன் பண்ணினார். அந்தப் பெண் யார் சொல்லையும் கேட்காமல் ஓடி வந்தாள். ஒரு கட்டில், ஒரு பெட்டி, அப்பா என்று ஒரு சிறிய வேனில் ஏற்றிக்கொண்டு போனாள். போகும்போது மலை முன்சீட்டில் உட்கார்ந்து, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கை காட்டினார். அங்கிருந்து சில காலம் கடிதம் வந்தது. பிறகு மகளிடமிருந்து ஒன்று வந்தது. அதோடு சரி.

மைதானம் மருமகன் கைக்குத்தான் போனது. கொஞ்ச நாளில் பில் பணத் தகராறில் மாமனாருக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை நின்று, செயலாளர் பதவியை விட்டுவிட்டு மூத்த மகன் வீட்டுக்கே குடிபோய்விட்டார். மூன்று தெருவும் இப்போது அமைதியாக இருக்கிறது, கொஞ்சம் சலிப்பாகவும். குறிப்பெடுக்கும் பெண்ணுக்கும் மெக்கானிக்குக்கும் கல்யாணம் ஆயிற்று. வீடு கிடைக்காமல் அலைந்தவர்களுக்குச் சங்கமே கொட்டகையை ஒட்டிய அறையைக் கொடுத்தது. சுவருக்கு நீல வர்ணம் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

புதுப்பெண் ஜன்னலுக்குத் திரை கேட்டாள். அளவெடுக்கப் போன கத்திரி, வாசல் வரைக்கும் போய், டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டே திரும்பி வந்துவிட்டாள். அப்புறம் அண்ணிதான் போய் அளவெடுத்து வந்தாள். அரை அடி தப்பு. அந்தத் திரை இன்றைக்கும் குட்டையாகத்தான் தொங்குகிறது. மாற்றித் தரச் சொல்லி அந்தப் பெண் கேட்கவும் இல்லை, இவர்கள் மாற்றித் தரவும் இல்லை.